விளம்பர ஏலமும் ஒரே தரகரும்

பண்ருட்டிப் பலா மண்டியில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருவரே தரகராயிருந்து, ஏலமும் தாமே கூறினால் குடியானவர் சகிப்பாரோ? இணையப் பத்திரிகைகளின் விளம்பர இடம் அவ்விதமே விலைபோகிறது. வாசகர் பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே ஏலம் நடந்தேறுகிறது. பத்திரிகையின் இடத்தை விற்கும் கருவி, ஏலக்களம், விளம்பரதாரர் வாங்கும் கருவி மூன்றும் கூகிள் கம்பெனியிடம் உள்ளன. ஏலக்களத் தரகு மட்டும் நூற்றுக்கு 20 என்பது அமெரிக்க வழக்கில் வெளிப்பட்டது. 2025 ஏப்ரலில் வர்ஜீனியா நீதிமன்றம், முதலிரண்டிலும் அக்கம்பெனி சட்டவிரோதமாக ஏகபோகம் கொண்டதெனத் தீர்ப்பளித்தது. மூன்றாவதைப் பற்றிய வாதம் நிற்கவில்லை. செப்டம்பரில் ஐரோப்பியக் கமிஷன் 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் நாட்டிலோ, பத்திரிகைகளின் புகார்மீது போட்டி ஆணையம் 2022 ஜனவரியிலேயே விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணை நீள நீள நஷ்டம் சிறு பத்திரிகைகளுக்கே. இடைக்காலத் தடை விதிக்கப் போட்டிச் சட்டத்தின் 33-வது பிரிவு அதிகாரம் தருகிறது. இத்தகைய வழக்குகளில் அதைத் தயங்காது பிரயோகிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.