உள்ளங்காலும் ஊசியும்



இம்மாதம் கால்களைப் பற்றிப் பேசுவோம். ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் நான் சந்திக்கும் பெண்கள் பலர் "கால் நிலைக்குதில்ல" என்கிறார்கள். சரிவான மலையில் பாரத்துடன் நின்று கொழுந்து பறிப்பவருக்கு இது சிறிய விடயமல்ல. சறுக்கி விழுந்தால் அன்றைய பேர் போகும். எலும்பு முறிந்தால் பல மாத வருமானம் போகும். போரில் காயப்பட்ட காலுடன் வேலைக்குப் போகும் உங்களுக்கும் இந்தப் பயம் தெரியும்.

"உள்ளங்காலில் ஊசி ஏற்றினால் சரியாகுமாமே?" என்று சிலர் கேட்கிறார்கள்.

உள்ளங்காலின் சிறு தசைகள் பாதவளைவைத் தாங்குகின்றன. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கவும் உதவுகின்றன. அவை இறுகி நோகும்போது அந்தக் காலை ஊன்றத் தயங்குகிறோம், தள்ளாடுகிறோம். இறுகிய இடத்தில் மருந்தில்லாத மெல்லிய ஊசியைச் செலுத்தித் தளர்த்துவதே இச்சிகிச்சை. களுபோவில வைத்தியசாலையில் பேராசிரியர் அன்டன் ஜயசூரிய வளர்த்த அக்குபங்சரிலும் இத்தகைய ஊசிதான். ஆனால் இங்கே ஊசி போகும் இடத்தை இறுகிய தசையே தீர்மானிக்கிறது.

அவுஸ்திரேலியாவில் குதிகால் நோவுள்ள 84 பேரிடம் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. வாரம் ஒருமுறை, ஆறு வாரம் ஊசி ஏற்றியதில் நோவு குறைந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, ஊசி ஏற்றிய நோவு, கண்டல் போன்ற சிறு உபாதைகளும் வந்து மறைந்தன. நிலையாக நிற்பது பற்றிய ஆய்வுகளோ சிறியவை. ஊசி மட்டுமே தள்ளாட்டத்தை நிரந்தரமாகப் போக்கும் என்று அவை நிறுவவில்லை.

நோவு குறைந்தபின் தசைக்குப் பலம் வேண்டும். அதற்குச் செலவில்லாத பயிற்சி உண்டு. கதிரையில் இருந்து பாதத்தை நிலத்தில் வையுங்கள். விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவை உயர்த்துங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். பழகியபின் சுவரருகே, கையை எட்டும் தூரத்தில் வைத்து, ஒற்றைக் காலில் நின்று பாருங்கள்.

நீரிழிவு, கால் விறைப்பு, ஆறாத புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். காலில் ஷெல் துண்டு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே, புதிய ஊசியால் மட்டுமே ஏற்றிக்கொள்ளுங்கள்.

"மலை வேலைன்னா கால் நோகத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் இயன்மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.