இயற்கை என்றால் விஷம் இருக்காதா?

'புற்றுநோய்க்கு மரப்பிசினே போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று ஒரு சேதி நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களிலேயே சுற்றுகிறது. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுகின்றன. இதை இயற்கை விவசாயம் பேசுகிற நாம்தான் முதலில் தட்டிக் கேட்கணும்.

பிசினில் மருந்தே இல்லையா? இருக்கு. காஷ்மீர், இமாச்சல், உத்தரகாண்ட் மலைகளில் போடோபைல்லம் என்றொரு செடி வளர்கிறது. அதன் கிழங்கிலிருந்து எடுக்கும் பிசினில் உள்ள போடோபைல்லோடாக்சின், செல்கள் பிரிவதைத் தடுக்கும். செல்கள் அடங்காமல் பெருகுவதுதானே புற்று. ஆனால் இது நல்ல செல்லையும் விடாது. பிசினை அப்படியே உட்கொண்டு நரம்பு கெட்டவர்கள் உண்டு, உயிர் விட்டவர்களும் உண்டு. (நம் வேலியோரத்து எருக்கும் அரளியும் மட்டும் உரக்கடையிலா வாங்கியது?) அதனால்தான் 1960-களில் சாண்டோஸ் கம்பெனியின் வேதியியலாளர்கள் அந்தப் பொருளை மாற்றியமைத்து எட்டோபோசைடு என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1983-ல் அமெரிக்கா அனுமதித்தது. நுரையீரல், விரைப் புற்றுநோய்களுக்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள், ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, அளந்து.

பறங்கிச் சாம்பிராணிக்கும் ஆதாரம் உண்டு. மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு எடுத்த 44 பேரிடம் நடத்திய ஜெர்மானிய ஆய்வு 2011-ல் வெளியானது. சாம்பிராணிச் சாறு சாப்பிட்டவர்களுக்கு மூளை வீக்கம் நன்றாகக் குறைந்தது. வீக்கம்தான், கட்டி அல்ல. கொடுத்ததும் கதிர்வீச்சோடு சேர்த்து, அதற்குப் பதிலாக இல்லை. இந்த ஒரு வரியைத்தான் வாட்ஸ்அப் சேதி விழுங்கிவிடுகிறது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் இழக்கிற மாதங்கள் திரும்பி வராது.

சேதி பரவினால் காட்டுக்கும் கேடு. கிழங்கைத் தோண்டினால் செடி போச்சு. மறுபடி முளைத்துத் தேற வருஷக்கணக்காகும். அள்ளி அள்ளியே அருகிப்போனதால் 1990-ல் இமயமலைப் போடோபைல்லத்தை சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள்.

அள்ளுகிறவர்கள் உள்ளூர் மக்களுக்குப் பங்கு தரணும் என்று 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் சொல்கிறது. இந்தியக் கம்பெனிகளும் தரத்தான் வேண்டும் என்று 2018-ல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 திருத்தத்தில் சில விலக்குகள் நுழைந்துவிட்டன. கொல்லிமலைக்கும் அதே சட்டம்தான். உங்கள் ஊராட்சியில் பன்மய மேலாண்மைக் குழு இயங்குதா, மக்கள் பதிவேட்டில் உங்கள் ஊர் மரங்கள் ஏறியிருக்கா என்று அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.