பங்குக் கிணறும் பங்கு அச்சுப்பொறியும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட எம்மக்களிற் பலர், ஆட்டையும் மாட்டையும் கைவிட்டாலும் காணி உறுதியைக் கைவிடவில்லை. துணிப்பையிற் கட்டிக்கொண்டு கொடிகாமம் வந்து சேர்ந்தனர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அவ்வழிகளில் எத்தனையோ உறுதிகள் தொலைந்தன.

மண்ணை உழுதவனிடம் கடதாசி கேட்கும் காலம் இன்னும் முடியவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோருமாறும், தவறின் அவை அரச காணியாகும் என்றும் அறிவித்தது. எதிர்ப்பின் பின் அது மீளப்பெறப்பட்டது. ஆயினும் அன்று நாம் பட்ட பதற்றத்தை மறக்கலாகாது. காணி இங்கே, உறுதியின் பிரதியோ கடல்கடந்த பிள்ளையிடம்.

இணையத்தோடு இணைந்த அச்சுப்பொறி (பிறின்ரர்) ஒன்று ஓர் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இருந்தாற் போதும். சிலவற்றிற்கு மின்னஞ்சல் முகவரியே உண்டு. ரொறன்ரோவிலிருந்து பிள்ளை அனுப்பினால் இங்கே தாள் வெளிவரும்.

"கடையிற் சில ரூபாவுக்கு எடுக்கலாமே" எனச் சிலர் கேட்பர். பஸ் காசையும் இழந்த அரைநாட் கூலியையும் யார் கணக்கிடுவர்? எமது உறுதி முன்பின் அறியாதவர் கணினியிற் கிடப்பதும் நல்லதா?

பகிர்வு எமக்குப் புதிதன்று. ஒரு கிணற்றிற்குப் பல பங்காளர் முறை வைத்து இறைத்தனர். கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் உறுதியிலேயே எழுதப்பட்டன. சேறு அள்ளும் செலவு எல்லோருக்கும் பொதுவானது. அச்சுப்பொறிக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, தாளுக்கும் மைக்கும் உரியதை அவரவர் கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. வீண்விரயம் கூடாது.

இரண்டாவது, கிணற்றுக்குக் கட்டுப்போல இதற்கு இரகசியச் சொல் அவசியம். 2018 நவம்பரில், பூட்டாது இணையத்திற் திறந்துவிடப்பட்டிருந்த சுமார் 50,000 அச்சுப்பொறிகளில் யாரோ ஒருவர் தம் செய்தியை அச்சிட வைத்தார்.

மூன்றாவது, பொறியை வைத்திருப்பவர் அச்சிட்டதும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தைக் குருவானவர் காப்பதுபோல், அயலவரின் உறுதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அவர் காக்க வேண்டும். இந்த நம்பிக்கை இல்லையெனில் பகிர்வே வேண்டாம்.

நான்காவது, நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தூரத்திலிருந்து அச்சிட உதவிய கூகிளின் சேவை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. ஆகவே பிரதி இரு இடங்களிலாவது இருக்கட்டும். இவ்வாறு அச்சிட்ட தாள் அத்தாட்சிப்படுத்திய பிரதியாகாது என்பதையும் நினைவிற் கொள்வோம். அதனைக் காணிப் பதிவகத்திலேயே பெறவேண்டும்.

கைத்தொலைபேசியே இல்லாத விதவைத் தாய்க்கும் இதில் ஒரு முறை உண்டு. அவருக்காக யார் அனுப்புவது, யார் வாசித்துக் காட்டுவது என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே பொறியை வாங்குவோம். பங்குக் கிணற்றிற் கடைசிப் பங்காளருக்கும் தண்ணீர் கிடைத்தாற்றான் அது பங்கு.