பட்டம் கேட்பது தொடர்புத் திறனையா, ஆங்கிலத்தையா?

கல்லூரிக்குள் யார் நுழையலாம் என்ற கேள்விக்காக இந்த மண் நிறையப் போராடியிருக்கிறது. செண்பகம் துரைராசன் வழக்கையடுத்து 1951-இல் அரசியல் சட்டத்துக்கு வந்த முதல் திருத்தம் தொடங்கி, 2021-இல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வரை ஒவ்வொன்றும் நுழைவாயிலில் நடந்த சண்டை. ஆனால் உள்ளே போனவர் எந்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் பட்டத்தோடு வெளியே வர முடியும்? அந்த நிபந்தனைகளை யார், யாரை மனதில் வைத்து எழுதினார்கள்? இதை நாம் அதே வேகத்தோடு கேட்டதில்லை.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரூர்க்கி ஐ.ஐ.டி. ஓர் எடுத்துக்காட்டு. 2015-இல் முதலாண்டில் கிரேடு சராசரி 5-ஐ எட்டவில்லை என்று 70-க்கும் மேற்பட்ட மாணவர்களை அந்த நிறுவனம் வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே மீண்டும் ஒரு வாய்ப்பு தரப்பட்டது. இடஒதுக்கீட்டில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு தேர்ச்சி விதியே போதுமானதாக இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டம் பெற ‘புரொபஷனல் இங்கிலீஷ்’ தாள்கள் இரண்டில் தேற வேண்டும். அதில் என்ன இருக்கிறது? பயனர் கையேட்டைப் படிப்பது, ஒரு கருவியை இயக்கும் முறையைப் படிப்படியாக எழுதுவது, பரிந்துரைகள் எழுதுவது, விபத்து அறிக்கை எழுதுவது. நல்ல பாடத்திட்டம்தான். தொழில்நுட்பத்தைத் தெரியாதவருக்குத் தெரிய வைப்பது ஒரு பொறியாளருக்கு வேண்டிய திறன். இதையே தனித் தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. வெளிநாடுகளில் இதற்கென்று தனிப் பட்டப்படிப்பே உண்டு.

கேள்வி இதுதான்: அந்தக் கையேட்டை யார் படிக்கப் போகிறார்கள்? அம்பத்தூர் பட்டறையில் பிரஸ் மிஷின் முன்னால் நிற்பவர், திருப்பூர் சாயப்பட்டறையில் ரசாயனம் கலப்பவர், சிவகாசியில் மருந்து கலப்பவர், சாக்கடைக் குழி மூடியைத் திறப்பவர். இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘வால்வைத் திறப்பதற்கு முன் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்’ என்ற ஒரு வரி அவருக்குப் புரிய வேண்டும். ஆனால் அந்த வரியை அவருக்குப் புரியும்படி எழுதத் தெரியுமா என்று நம் பட்டம் ஒருபோதும் சோதிப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதத் தெரியுமா என்றுதான் பார்க்கிறது. விபத்து அறிக்கை மட்டும் அழகான ஆங்கிலத்தில் தயாராகிவிடும்.

தமிழுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு கிரெடிட் வீதம் இரண்டு தாள்கள். இரண்டாவதில் அறிவியல் தமிழ் குறித்து ஓர் அலகும் உண்டு. ஆனால் அறிவியல் தமிழைப் பற்றிப் படிப்பது வேறு, ஒரு மோட்டாரின் இயக்கக் குறிப்பைத் தமிழில் எழுதுவது வேறு. பழம்பெருமைக்குத் தமிழ், பிழைப்புக்கு ஆங்கிலம் என்ற பிரிவினையைத்தான் இந்தத் தாள்களும் காப்பாற்றுகின்றன.

‘அப்படியானால் ஆங்கிலம் வேண்டாம் என்கிறீர்களா?’ இல்லை. சாவித்திரிபாய் பூலே முதல் அம்பேத்கர் வரை ஆங்கிலத்தை விடுதலைக் கருவியாகப் பார்த்த மரபு நம்முடையது. தங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டு நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பெருமை பேசுவோரை நமக்குத் தெரியும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளில் கொண்டுவந்ததுபோல் தமிழ்வழி வகுப்பைத் தனியே வைப்பதும் முழுத் தீர்வாகாது. நம் பிள்ளைகள் மட்டும் தனி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுங்கள், கூடுதல் நேரமும் ஆசிரியர்களும் கொடுத்துக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்காததைச் சோதித்துவிட்டு அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைக்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலவழியில் படித்தவர் வீட்டிலிருந்து கொண்டுவருவதைத்தான் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்று மதிப்பெண் போடுகிறீர்கள்.

அந்த மதிப்பெண்ணை யார் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் பெயர் மறைக்கப்படுகிறது. இன்டர்னல் மார்க்கிலும் வைவாவிலும் பெயர், ஊர், பேச்சு எல்லாம் தெரியும். 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கே 40 விழுக்காடு இன்டர்னல். ஆய்வகத்துக்கு இன்னும் அதிகம். தில்லி எய்ம்ஸ் குறித்து 2007-இல் அறிக்கை தந்த தோரட் குழுவிடம், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு இருப்பதாகத் தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னார்கள். அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எனவே தேர்ச்சி நிபந்தனைகளைத் தளர்த்தச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறோம். தொடர்புத் திறன் தாளில் தேற, ஒரு கருவிக்கோ பாதுகாப்பு முறைக்கோ ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று கையேடு எழுத வேண்டும். தமிழ்க் கையேட்டை அந்த வேலையைச் செய்யும் தொழிலாளி ஒருவர் படித்து, அதன்படி செய்து பார்த்துச் சொல்ல வேண்டும். இன்டர்னல் மதிப்பெண் எந்த அளவுகோலில் போடப்பட்டது என்பதை எழுதி வெளியிட வேண்டும். வைவாவில் வெளிக்கல்லூரி ஆசிரியர் ஒருவரும் தனியாக மதிப்பெண் இட வேண்டும். இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கினால் உதவித்தொகையையும் கட்டாயமாக்க வேண்டும். சென்னையில் இரண்டு மாதம் சொந்தச் செலவில் தங்க எல்லா வீட்டாலும் முடியாது.

இது சலுகை இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவருக்கும் தமிழ்க் கையேடு கடினமாகத்தான் இருக்கும். முதன்முறையாக அவரும் தனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுத் தேற வேண்டியிருக்கும். கூலித் தொழிலாளியின் மகளுக்கோ அந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர் யார் என்று நன்றாகவே தெரியும்.

பாடத்திட்டக் குழு அடுத்த ஒழுங்குமுறையை எழுதும்போது, மாணவர் அமைப்புகள் அந்த அறைக்கு வெளியே அல்ல, உள்ளே இருக்க வேண்டும். நுழைவுக்குப் போராடிய நாம் தேர்ச்சி விதிகளையும் வரிவரியாகப் படித்துப் பார்க்கப் பழக வேண்டும்.