குருபீடம் வேண்டாம், தோழமையின் மேடை வேண்டும்

ஆப்பிரிக்க நாடகக் கலைஞர்களுக்கு இந்தியாவில் பயிற்சி என்று சொன்னவுடன் பலரின் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுதான்: இங்கே குரு, அங்கிருந்து சீடர். கொடுப்பவர் நாம், பெறுபவர் அவர். ‘விஷ்வகுரு’ என்று மார்தட்டும் ஆட்சியாளர்களுக்கு இந்தச் சித்திரம் இனிக்கலாம். ஏகாதிபத்திய எதிர்ப்பு மரபில் வந்த இடதுசாரிகள் இதை ஏற்க முடியாது. பயிற்சி தேவைதான், ஆனால் யாருடைய செலவில், யாருடைய நிபந்தனையில், யாரிடமிருந்து யார் கற்பது என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் நடத்தப்படும் பண்பாட்டுப் பரிமாற்றம் வெறும் விளம்பரமாகவே முடியும்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1956இல் நிறுவப்பட்ட சி.வி.என். களரி இருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்டு, கதகளியையும் கூடியாட்டத்தையும் பேணிவரும் மார்கி இருக்கிறது. அமெரிக்க நாடகவியலாளர் பிலிப் சாரில்லி 1970களில் இந்த நகரின் களரியில் பயின்று, அதன் அடிப்படையில் நடிகர்களுக்கான ஒரு பயிற்சிமுறையையே உருவாக்கினார். அவரது உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் டாலரும் யூரோவும் கையில் உள்ளவருக்கு எளிதாகத் திறக்கும் இந்த வாசல், நைரோபியிலோ லாகோசிலோ தெருவில் நாடகம் போடும் நடிகருக்கு எப்படித் திறக்கும்? விமானக் கட்டணம், விசா, மாதக்கணக்கில் தங்கும் செலவு ஆகியவைதான் இன்று உலக நாடகத்தின் கண்ணுக்குத் தெரியாத தணிக்கை அதிகாரிகள்.

பாரிஸ் வழியாக நடந்த சந்திப்பு

ஆப்பிரிக்க நடிகரும் இந்தியக் காவியமும் சந்திக்கவே இல்லையா? சந்தித்தன, ஆனால் பிரான்சில். பாரிசில் ஆய்வு மையம் நடத்திய பீட்டர் புரூக், 1972-73இல் தம் குழுவுடன் சகாராவைக் கடந்து ஆப்பிரிக்கக் கிராமங்களில் நாடகம் நிகழ்த்தினார். பின்னர் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தின் ஆட்டக்கலைகளைக் கண்டார். 1985இல் அவிஞோன் விழாவில் ஒன்பது மணிநேர ‘மகாபாரதம்’ அரங்கேறியது. மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லி மரபில் பிறந்த சோட்டிகி கூயாத்தே அதில் பீஷ்மராக நின்றார். அந்த நடிப்பின் மேன்மை மறுக்க முடியாதது. ஆனாலும் மூலப்பொருள் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் செல்ல, முடிவான பொருள் ஐரோப்பாவில் உருவாகி, அதன் புகழும் வருவாயும் அங்கேயே சேரும் இந்த ஏற்பாட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! பருத்திக்கும் கோக்கோவுக்கும் நேர்ந்தது கலைக்கும் நேர்ந்தது. இந்திய நாடக அறிஞர் ருஸ்தம் பரூச்சா அன்றே இந்தப் படைப்பைக் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தின் நியாயம் இன்றும் தீரவில்லை.

நம் முகத்தைப் பார்ப்போம்

ஐரோப்பாவைக் குற்றம் சாட்டிவிட்டு ஓய்ந்துவிடலாகாது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை 1946இலேயே துண்டித்த நாடு இது. அதே நாட்டின் தலைநகரில் 2016இல் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டனர். இவை இனவெறித் தாக்குதல்கள் என்று ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். ஒன்றிய அரசோ அந்தச் சொல்லை ஏற்கவே மறுத்தது.

கேரளமும் விதிவிலக்கு என்று சொல்வதற்கில்லை. மலப்புரத்தின் ‘செவன்ஸ்’ கால்பந்து ஆப்பிரிக்க வீரர்களின் கால்களை நம்பி நடக்கிறது. அதே மலப்புரத்தின் அரீக்கோட்டில் 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவரைப் பார்வையாளர்களே துரத்தித் தாக்கினர். 2018இல் ‘சுடானி ஃபிரம் நைஜீரியா’ திரைப்படத்தைக் கேரளம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதில் நடித்த நைஜீரிய நடிகர் சாமுவேல் ராபின்சன், தமக்குத் தரப்பட்ட ஊதியம் நிறத்தின் காரணமாகவே குறைந்தது என்று வெளிப்படையாகக் கூறினார். தயாரிப்பாளர்கள் படத்தின் சிறிய முதலீட்டைக் காரணம் காட்டினர். பின்னர் கூடுதல் தொகை வழங்கப்பட்டது. அவரும் இனப்பாகுபாட்டுக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். அந்தப் பூசல் தீர்ந்தது. பாடம் தீரவில்லை: கலைஞரை விருந்தினர் என்று மட்டும் அழைத்தால் போதாது, அவர் தொழிலாளி என்பதையும் ஏற்க வேண்டும்.

கோவளமும் கமிரீத்துவும்

நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உண்மையில் பொதுவானது எது? முத்திரையும் முரசும் மட்டுமா? 1952 டிசம்பர் 6 அன்று கொல்லம் மாவட்டம் சவறையில், தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தை கே.பி.ஏ.சி. அரங்கேற்றியது. மறு ஆண்டு திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு அதற்குத் தடை விதித்தது. கையில் எடுத்த ஆயுதம், 1876ஆம் ஆண்டின் காலனியாட்சி நாடகச் சட்டம். தடையை மீறி நடித்த கலைஞர்கள் கைதாயினர். அன்றைக்குக் குமரியும் அந்த மாநிலத்தின் பகுதிதான். ஆகவே இது நம் வரலாறும்கூட.

கால் நூற்றாண்டு கழித்து, கென்யாவின் லிமுருவை அடுத்த கமிரீத்து கிராமம். முதியோர் கல்வி வகுப்பிலிருந்து ஒரு நாடகம் பிறந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் காலணி ஆலைத் தொழிலாளரும் உழவர்களும் தங்கள் கைகளாலேயே திறந்தவெளி அரங்கு கட்டினர். கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் கிக்கூயூ மொழியில் எழுதிய பிரதியை அவர்களே திருத்தினர், அவர்களே நடித்தனர். 1977 அக்டோபரில் தொடங்கிய நாடகத்தின் உரிமம் நவம்பரில் பறிக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கூகி வா தியாங்கோ கைதானார். 1982இல் காவல்துறை அந்த அரங்கையே இடித்துத் தள்ளியது. சிறைக் கழிவறைத் தாளில் அவர் எழுதிய நாவலைத் தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று படித்தவர்கள் நாம்.

எழுத்தறிவும் நாடகமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதைக் கேரளமும் அறியும். சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் தொடங்கிய கலைப் பயணங்களும், தமிழ்நாட்டின் அறிவொளி இயக்க வீதி நாடகங்களும் இதற்குச் சான்று. கமிரீத்துவின் வாரிசுகள் திருவனந்தபுரத்துக்கு வந்தால் அவர்கள் மாணவர்களாக மட்டும் வரப்போவதில்லை. நமக்குக் கற்பிக்கவும் வருவார்கள்.

நம் மரபைக் கற்பிக்கும்போதும் நேர்மை தேவை. கூத்தம்பலச் சுவருக்குள் அடைபட்டிருந்த சாக்கியார் கூத்தைப் பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். 1965இல் கலாமண்டலம் கூடியாட்டத்தைச் சாக்கியார் அல்லாதவர்க்கும் கற்பிக்கத் தொடங்கியது. சாதி பூட்டிய கதவு திறந்த இந்தக் கதையை மறைத்துவிட்டு ‘தொன்மையான ஆன்மிகக் கலை’ என்று பொட்டலம் கட்டித் தருவது பயிற்சியாகாது.

செய்ய வேண்டியவை

திருவிழாக்கள் நல்ல தொடக்கம். 2023இல் திருச்சூரின் சர்வதேச நாடக விழா தென்னாப்பிரிக்காவின் ‘சாம்சன்’ நாடகத்துடன் தொடங்கியது. அதே ஆண்டு திருவனந்தபுரத் திரைப்பட விழா, சொந்த நாட்டில் படம் தடைசெய்யப்பட்ட கென்ய இயக்குநர் வனூரி கஹியுவைப் பாராட்டிப் பரிசளித்தது. ஆனால் விழா முடிந்ததும் விருந்தினர் விமானம் ஏறிவிடுகிறார். கூட்டாக வாழ்ந்து, ஒத்திகை பார்த்து, சண்டையிட்டு, சமைத்து உண்டு உருவாக்கும் நாடகத்துக்கு மாதங்கள் தேவை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. இங்கு வரும் ஆப்பிரிக்கக் கலைஞர்களின் எண்ணிக்கைக்கு ஈடாக நம் கலைஞர்களும் அங்கு சென்று கற்க வேண்டும். சமவேலைக்குச் சம ஊதியம் முன்கூட்டியே எழுத்தில் உறுதியாக வேண்டும். ஐசிசிஆர் உதவித்தொகைகள், அரசவை அலங்காரமாக நில்லாமல், மக்கள் நாடகக் குழுக்களையும் எட்ட வேண்டும். நாடகங்கள் மலையாளத்திலும் தமிழிலும் சுவாகிலியிலும் கிக்கூயூவிலும் பேச வேண்டும். ஆங்கிலம் பாலமாக இருக்கலாம், அரியணையாக இருக்கலாகாது.

விலைவாசியும் வேலையின்மையும் கழுத்தை நெரிக்கும்போது இதற்கு என்ன அவசரம் என்று நம் அணிகளிலேயே சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு சப்தர் ஹஷ்மியை நினைவூட்டுவோம். 1989 புத்தாண்டு நாளில் சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக நடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவரது குழு அதே இடத்தில் அதே நாடகத்தை நடத்தி முடித்தது. நாடகம் தீங்கற்ற பொழுதுபோக்கு என்றால் சாகிபாபாத்தில் குண்டர்களும் கோவளத்தில் காவலர்களும் கமிரீத்துவில் இடிப்புப் படையும் எதற்காக வந்தார்கள்? எதிரிக்குப் புரிந்த அதன் வலிமை நமக்குப் புரியாமல் போகக்கூடாது.

அரசாணைக்குக் காத்திராமல் நம் கலை இலக்கிய அமைப்புகள் இன்றே தொடங்கலாம். ஓர் ஆப்பிரிக்க நாடகத்தை மொழிபெயர்ப்போம்; அதை நம் தெருவில் நடிப்போம்; நம் நகரங்களில் பயிலும் ஆப்பிரிக்க மாணவர்களை ஒத்திகைக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கேட்போம். குருபீடத்திலிருந்து இறங்கினால்தான் தோழமையின் மேடையில் ஏற முடியும்.