இழுவை வீடும் இளங்குளிரும்



நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருந்தார். அவருடைய மகன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்ஸாஸ் மாநிலத்தில் தொழில் புரிகிறார். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாராம். விடுமுறைகளில் மனைவி மக்களோடு அதில் சென்று தங்குவது அவர் விருப்பம். "வடக்கே உள்ளவர்கள் குளிர்காலத்துக்கு முன் இவ்வண்டிகளுக்குப் பெரிய ஏற்பாடுகள் செய்கிறார்களாம். டெக்ஸாஸில் அவ்வளவு குளிர் இல்லையே. அங்கும் அது வேண்டுமா?" என்பது வினா.

வேண்டும் என்பதே நம் விடை. ஏன் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை இம்முறை காண்போம். கடல் கடந்த செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. வடபுலத்தில் குளிர்காலம் கழிக்கும் நம் குடும்பங்களும் இதிலிருந்து கொள்ளத்தக்கது உண்டு.

முதலில் அவ்வண்டியை அறிவோம். இரயில் பாதைப் பணியாளர் தங்குவதற்கென்று படுக்கையும் சமையலிடமும் அமைத்த முகாம் பெட்டிகள், நிலையங்களின் ஓரப் பாதையில் நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அத்தகைய பெட்டியொன்றைச் சாலைக்கு ஏற்பச் சுருக்கிச் செய்தாற்போன்றது 'டிராவல் டிரெய்லர்' எனப்படும் இழுவை வீடு. அதற்கென்று எஞ்சின் கிடையாது. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, கழிப்பறை ஆகியவை உண்டு. நன்னீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்குத் தொட்டிகள், 6 அல்லது 10 காலன் கொள்ளும் வெந்நீர்க் கலம், புரோபேன் வாயு உருளைகள், 12 வோல்ட் பாட்டரி ஆகியவையும் உடன் செல்லும். 1936-ஆம் ஆண்டு வாலி பையம் என்பார் வெளியிட்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற அலுமினிய வண்டி இவ்வகையில் புகழ் பெற்றது.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்கு அஞ்சி ஆண்டுதோறும் தெற்கே இறங்கி வருவோரை அந்நாட்டார் 'பனிப்பறவைகள்' என்று அழைக்கின்றனர். டெக்ஸாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டு பள்ளத்தாக்கில், அவர்களுக்குக் 'குளிர்கால டெக்ஸாஸார்' என்றே பெயர். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரை அடுத்த பாலை நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இத்தகையோர் நெடுநாள் தங்குவதற்கு அந்நாட்டு அரசின் நிலத்துறை 1983 முதல் இடம் வகுத்துத் தருகிறது. இளங்குளிர் நாட்டில் இழுவை வீட்டு வாழ்க்கை ஒரு சிலரின் விளையாட்டன்று, பல்லாயிரவரின் வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

இனிக் குளிர் இவ்வண்டியை எவ்வாறு கெடுக்கிறது என்று பார்ப்போம். ஏனைய பொருள்களிற் பல குளிரச் சுருங்கும். நீரோ உறையும்போது விரியும். 11 படி நீர் உறைந்தால் ஏறத்தாழ 12 படி பனிக்கட்டியாகிறது. அடைபட்ட குழாயினுள் அந்த ஒரு படிக்கு இடம் ஏது? பித்தளையாயினும் பிளாஸ்டிக்காயினும் வெடித்து இடம் தருகிறது. இந்நாளில் வண்டிகளில் பதிக்கும் வளையும் பிளாஸ்டிக் குழாய் சிறிது தாங்கும். அதன் மூட்டுகளும் வால்வுகளும் பம்பும் தாங்கமாட்டா. உறைந்திருக்கும் வரை சேதம் வெளியே தெரியாது. வெயில் வந்து பனி உருகிய பின்னரே சுவரின் உட்புறமும் தரையின் அடியும் நனைந்து ஊறும்.

மினசோட்டா போன்ற வட மாநிலத்தில் வாழ்பவன் இவ்விஷயத்தில் ஏமாறுவதில்லை. குளிர் தவறாது வரும் என்று அறிந்தவன் ஆதலின், அக்டோபரிலேயே வண்டியின் நீரை வடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். தெற்கே வாழ்பவனுக்கோ குளிர் எப்போதோ வரும் விருந்தாளி. டிசம்பரிலும் பகலில் வெயில் காயும். இரண்டு மூன்று இரவுகள் மட்டுமே உறைநிலையைத் தொட்டுச் செல்லும். "இது என்ன குளிர்!" என்று வாளா இருந்துவிடுகிறான். நாள்தோறும் கள்வர் திரியும் தெருவில் கதவுகள் தாழிடப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கள்வன் வரும் தெருவிலோ கதவுகள் திறந்தே கிடக்கும். இழப்பு எந்தத் தெருவில் மிகுதி என்று சொல்ல வேண்டுமா?

இது வெறும் உவமையன்று. அந்நாட்டுத் தென் மாநிலங்களில் வீடுகளையே குளிருக்கு அஞ்சாமல் கட்டுகிறார்கள்; நீர்க்குழாய்கள் போர்வையின்றிக் கூரையடியில் ஓடுகின்றன. இத்தகைய குழாய்களை ஆராய்ந்த இல்லினாய்ப் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள், வெளிக்காற்று 20 பாரன்ஹீட் பாகைக்கு, அதாவது உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 7 செல்சியஸ் பாகைக்கு இறங்கினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று எல்லை வகுத்தனர். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் அவ்வெல்லையையும் தாண்டிக் குளிர்ந்தது. பிப்ரவரி 16 அன்று ஹூஸ்டன் நகரில் உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக்கு மேலும், டல்லஸில் 19 பாகை அளவும் இறங்கியது. 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அம்மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி இறந்தோர் 246 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரைக் கொண்டது குளிரே. இளங்குளிர் நாடு என்ற பெயர் அந்த ஒரு வாரத்தில் எவரையும் காக்கவில்லை.

ஆகவே முன்னேற்பாட்டுக்கு அளவுகோல் ஆண்டின் சராசரிக் குளிரன்று. ஆண்டின் மிகக் கொடிய ஓர் இரவே. இதை மனத்திற் கொண்டு, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

வண்டியைப் பல வாரம் நிறுத்திவைப்பதாயின் அதற்குக் குளிர்காப்புச் செய்துவிடுவதே முறை. நன்னீர்த் தொட்டியையும், தாழ்ந்த இடத்திலுள்ள வடிகால்களையும், வெந்நீர்க் கலத்தையும் திறந்து நீரை வெளியேற்றுக. கலம் சூடாக இருக்கும்போதோ, அழுத்தம் உள்ளபோதோ அதைத் திறப்பது ஆகாது. ஆறவிட்டு, அழுத்தத்தைப் போக்கிய பின்பே திறத்தல் வேண்டும். கழிவு நீர்த் தொட்டிகளையும் வெறுமையாக்குக. எஞ்சிய நீரைப் போக்க இருவழி உண்டு. காற்றழுத்தி கொண்டு ஊதித் தள்ளுவது ஒன்று. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேற்படாதிருப்பது நலம். மிஞ்சினால் குளிர் செய்யும் கேட்டை நாமே செய்தவராவோம். குழாய்களில் உறைதடுப்பு நீர்மத்தைப் பம்பினால் நிரப்புவது மற்றொன்று. வெந்நீர்க் கலத்துக்குச் செல்லும் வழியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று காலனே போதும். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்வரை விடுதல் வேண்டும். தொட்டிகளின் கீழும் கழிப்பறையிலும் நீர் தேங்கும் வளைவுகளிலும் சிறிது ஊற்றிவைக்க வேண்டும். பலர் மறப்பது, வண்டியின் வெளிப்புறம் உள்ள குளியற் குழாய். அந்த ஒன்றை மறந்தால் அந்த ஒன்றே வெடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இழுவை வீட்டுக்கென விற்கும் இளஞ்சிவப்பு நீர்மம் புரோப்பிலீன் கிளைக்கால் கொண்டது. கார் எஞ்சினுக்கு ஊற்றும் உறைதடுப்பு நீர்மங்களிற் பல எத்திலீன் கிளைக்கால் கொண்டவை; அது கொடிய நஞ்சு, இனிப்பும் உடையது. குடிநீர் ஓடும் குழாயில் அதை ஒருபோதும் விடலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

பாட்டரியையும் கவனிக்க வேண்டும். முழு மின்னேற்றமுள்ள ஈயப் பாட்டரி கடுங்குளிரையும் தாங்கும். தீர்ந்துபோன பாட்டரி சில பாகைக் குளிரிலேயே உறைந்து பிளக்கும். லித்தியம் பாட்டரியாயின் உறைநிலைக்குக் கீழ் அதற்கு மின்னேற்றலாகாது.

இளங்குளிர் நாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரு வாரத்துக்கு ஒருமுறை வெளியே செல்ல மனம் அழைக்கும். ஒவ்வொரு முறையும் வடித்து நிரப்புவதோ தொல்லை. பழகியவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டிருக்கின்றனர். குழாய்களில் உறைதடுப்பு நீர்மம் இருந்தபடியே இருக்க, குடிக்கவும் சமைக்கவும் குடங்களில் நீர் கொண்டு செல்கின்றனர். கழிப்பறைக்கும் குடத்து நீரே. உறைபனி இரவாயின் அதனோடு சிறிது உறைதடுப்பு நீர்மம் சேர்த்துக்கொள்கின்றனர். குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் வசதி இல்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. ஊரில் கிணற்று நீரில் வளர்ந்தவர்க்கு அது ஒரு குறையா?

குழாய் நீரோடு தங்குவதாயின் சில விதிகள் உள. முகாமின் குழாயோடு ரப்பர்க் குழாயை இரவு முழுதும் இணைத்து வைக்கலாகாது. தொட்டியை நிரப்பிக்கொண்டு கழற்றிவிடுக. கழிவு நீர் வால்வுகளை மூடியே வைத்துத் தொட்டி நிறைந்த பின் திறந்துவிடுக. திறந்து வைத்தால் துளித்துளியாய் ஒழுகும் நீர் வெளிக்குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தொட்டியடியில் உள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வைத்து, அறையின் வெப்பம் குழாய்களைச் சேரவிடுக.

பலரும் தவறுவது வெப்பத்தைப் பற்றியது. இவ்வண்டிகளில் புரோபேன் கொண்டு இயங்கும் கணப்பு உலை உண்டு. வண்டிகள் பலவற்றில் அதன் வெப்பக் காற்று அறைக்கு மட்டுமன்றித் தரையடியிலுள்ள குழாய்களுக்கும் செல்கிறது. வாயுவை மிச்சம் பிடிக்க எண்ணி மின்சாரக் கணப்பை மட்டும் வைத்துக்கொண்டால் மனிதர்க்கு இதமாக இருக்கும்; தரையடியில் குழாய் உறையும். நமக்குக் குளிரவில்லை என்பது குழாய்க்கும் குளிரவில்லை என்பதற்குச் சான்றாகாது. மேலும், 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் மின்சாரம் 3,600 வாட்டே தரும்; 1,500 வாட் கணப்பு இரண்டை வைத்தால் ஏனையவற்றுக்கு எஞ்சுவது 600 வாட்டே.

புரோபேன் கடுங்குளிரிலும் பயன்படும். உறைநிலைக்குக் கீழ் 42 பாகை வரை அது ஆவியாகும். நம் நாட்டில் சமையலுக்கு வரும் வாயு புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் உறைநிலையை அடைந்தவுடனே ஆவியாகத் தயங்குவதால், மலையூர்களின் கடுங்குளிரில் அடுப்பு சோர்ந்து எரிகிறது.

இனிச் சொல்வதே இக்கட்டுரையில் மிக முக்கியமானது. கணப்பு உலை எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியே விடுவது. ஆகவே பழுதில்லாதவரை தீங்கில்லை. சமையல் அடுப்போ அறையின் காற்றையே உண்டு அறைக்குள்ளேயே புகை விடுவது. குளிர் காய்வதற்காக அதை ஏற்றிவிட்டு, கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குவது உயிருக்கு இறுதியாகலாம். கரியடுப்பு அதனினும் கொடியது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். களைப்பு என்று எண்ணிப் படுத்தவர் எழுந்திருப்பதில்லை. 2021-இல் டெக்ஸாஸில் மின்சாரம் இல்லாத இரவுகளில், வீட்டினுள் கரியடுப்பு ஏற்றியும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும் குளிர் காய முயன்று குடும்பத்தோடு மாண்டவரும் உண்டு. ஆதலின் அவ்வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி வண்டியில் இருத்தல் வேண்டும். அதன் ஆயுள் முடிந்ததா என்று பார்த்தலும் வேண்டும். பழைய வண்டியை வாங்கியவர் முதலிற் செய்ய வேண்டிய வேலை இதுவே. கூரைத் துளையைச் சிறிது திறந்து வைப்பதால் மூச்சின் ஈரமும் வெளியேறும். சுவரில் பூஞ்சை படராது.

நம்மவர் வாழும் வடபுலச் சமவெளி நகரங்களில் குழாய் உறைவது அரிது. தில்லி சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16 அன்று உறைநிலைக்குக் கீழ் 0.6 பாகை பதிவானதே இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர் மறுநாள் எழவில்லை என்ற செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. காற்றோட்டமற்ற குளியலறையில் வாயுக் கெய்சரால் மாண்டவர் செய்தியும் வருகிறது. இந்நிலத்தில் பிறந்தவர்க்கே இது நேர்கிறது எனில், கம்பளியும் கணப்பும் புதிதாய்க் கண்ட தென்னாட்டுக் குடும்பம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! "இரண்டு வாரக் குளிர்தானே, எப்படியோ கழித்துவிடலாம்" என்ற எண்ணமே நம்மையும் ஏமாற்றுவது. கம்பளி வாங்கும் செலவுக்கு அஞ்சிக் கரியடுப்பை நாட வேண்டா. கரியடுப்பை வீட்டுக்கு வெளியே காய்ந்து, அங்கேயே அவித்துவிட்டு உள்ளே வருக. கெய்சர் குளியலறைக்கு வெளியே, காற்று உலவும் இடத்தில் இருக்கட்டும். ஒருவர் மயங்கினால் கதவைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

வினா விடுத்த அன்பர் இவற்றை மகனுக்கு எழுதும்போது, முதல் வரியில் வாயு உணரும் கருவியையும் இரண்டாம் வரியில் குழாய்களையும் குறிப்பிடுவாராக. குழாய் வெடித்தால் பணம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த திங்கள் வேறொரு வினாவுடன் சந்திப்போம்.