சேர்க்கும்போது தங்கம், அனுப்பும்போது பித்தளையா?

ராணுவத்தில் சேரப் போகிறவனைத் தலைமுதல் கால்வரை பரிசோதிக்கிறார்கள். பாதம் தட்டையாக இருந்தால்கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித் தேறியவனுக்குச் சில வருடம் கழித்து நோய் வந்தால், "அது உன் உடம்புக் கோளாறு, பணிக்குச் சம்பந்தமில்லை" என்று ஊனத்துக்கான பென்ஷனை மறுக்கிறார்கள். என்ன நியாயம் சாமி இது? மெடிக்கல் டெஸ்ட் எடுத்துப் பாலிசி கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி இப்படிக் கைவிரித்தால் ஊரே சிரிக்காதா?

தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்தார். 1994-ல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது நோய் பற்றிக் குறிப்பு இல்லையென்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. பத்தொன்பது வருடம்!

அதோடு முடிந்ததா? தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர்கள்மீதும் அரசு அப்பீல் போனது. 2023 செப்டம்பரில் விதியையே மாற்றி எழுதினார்கள் (அதற்குமுன் வெளியே வந்தவர்களுக்குப் பழைய விதிதான்).

ஏமாற்றி வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் மருத்துவக் குழு காரணத்தை விளக்கமாக எழுதட்டுமே! ஒற்றை வரியில் "சம்பந்தமில்லை" என்பது காரணமா?

மாமல்லபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து முன்னாள் வீரர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் முடங்கிவிட வேண்டாம். முதலில் துறைக்குள் மேல்முறையீடு. கூடவே, சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.